விரிசலை வரைந்தவள்

ஆகஸ்ட் 14, 2018. செவ்வாய்

இரண்டு மாதமாகச் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. அயர்லாந்தில், அதுவும் நம் மேயோ ஜில்லாவில், இப்படி ஒரு வரி எழுதுவேன் என்று நினைத்ததில்லை. சதுப்பின் மேல் சாதாரணச் செருப்போடு நடந்து போனேன். கால் நனையவில்லை.

காலை பத்து மணிக்கே சாலையோரத் தட்டைப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்லீவ்கார் மலைச் சரிவு, அரைத்தாளில் நீர்வண்ணம். பள்ளிக்கூட வேலையை விட்டு வந்த பதினொரு வருடத்தில் எத்தனை முறை இந்தச் சரிவைப் போட்டிருப்பேன்! நடுப்பகுதி மட்டும் எனக்கு எப்போதும் சவசவ என்றுதான் அமையும். மேலே வானம், கீழே ஓடை, இடையில் பழுப்பு, பழுப்பு, மறுபடியும் பழுப்பு. இன்று அங்கே ஒரு கருப்புக் கோடு கிடைத்தது. காற்றாலைக்காகப் போட்ட புதுச் சாலைக்குக் கொஞ்சம் கீழே, மெலக்கி போன வருடம் கல் அடுக்கிக் கட்டிய ஆட்டு மறைப்புக்கு நேர் மேலே, சரிவின் குறுக்கே சதுப்பு வெடித்து வாய் திறந்திருக்கிறது. ஒல்லித் தூரிகையில் நீலமும் பழுப்பும் குழைத்து ஒரே இழுப்பு. படம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

மெலக்கி டிராக்டரில் வந்தவன் நிறுத்தி எட்டிப் பார்த்தான்.

“என்ன டிம்ப்னா, மறுபடியும் அதே மலையா? மெதுவாப் போடு, அது எங்கயும் ஓடிடாது.”

“உன் ஆட்டையும் போட்டிருக்கேன், பாரு.”

“இந்த வெள்ளைப் புள்ளியா? இவ்ளோ மெலிஞ்சுபோன ஆட்ட ஃபிடெல்மா பார்த்தா என்னத்தான் திட்டுவா.”

தங்கை ஃபிடெல்மாவின் வீட்டுக்காரன் ஆயிற்றே, பதிலுக்குத் திட்டவும் முடியவில்லை. சிரித்தேன். பின்பக்கம் பென்சிலால் தேதி போட்டேன்.

ஆகஸ்ட் 29

இன்னொரு அரைத்தாள். கோடு நீண்டிருக்கிறது. இப்போது ஓடைப் பக்கம் வரை வருகிறது. படத்துக்கு நல்லது.

செப்டம்பர் 22, சனி

மழை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது படம் முடிந்தது. மூன்றிலும் இதுதான் தேறியது. விரிசலில் தண்ணீர் நிற்கிறது. வானம் அதில் விழுந்து, கருப்பின் நடுவே ஒரு வெள்ளிக் கம்பி போல. அந்த இடத்தில் பூச்சே போடாமல் தாளை அப்படியே விட்டேன். கையை அடக்கத் தெரிந்துகொண்டேன் என்று ஒரு சின்னக் கர்வம்.

நாளை மதியச் சாப்பாடு ஃபிடெல்மா வீட்டில். அந்த விரிசலை மெலக்கியிடம் சொல்ல வேண்டும். ஆடு கால் மாட்டிக்கொள்ளும்.

செப்டம்பர் 23

பன்றி இறைச்சி, முட்டைக்கோஸ், ஆப்பிள் பணியாரம். மெலக்கி, மேயோ அணி கால்பந்தில் தோற்ற கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்தான். நான் வெஸ்ட்போர்ட் ஓவியக் கண்காட்சி பற்றிப் பேசினேன். விரிசலைச் சொல்ல மறந்துபோனேன்.

அக்டோபர் 11

ஐந்து நாளாக விடாத மழை. வெளியே போகவில்லை.

அக்டோபர் 13, சனி. மாலை ஆறு

எழுதக் கை வரவில்லை.

சரிவு போய்விட்டது. மூன்று மணி சுமாருக்கு. ரயில் மாதிரிச் சத்தம் கேட்டது என்று பக்கத்து வீட்டுப் பாக்கி பேடன் சொல்கிறார். எனக்குச் சத்தமே கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அவ்வளவுதான். வெளியே வந்து பார்த்தால் ஸ்லீவ்காரின் பாதி நடந்து வந்துகொண்டிருக்கிறது. கருப்புக் கூழ். வேலிக் கம்பங்கள் நின்றபடியே நகர்ந்து போயின. ஃபிடெல்மா வீட்டு வாசற்படி வரை வந்து நின்றது.

மெலக்கி இரண்டரைக்குப் போயிருக்கிறான். மழையில் ஆடுகளெல்லாம் மறைப்புக்குள் ஒண்டிக்கொண்டிருக்கும், ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று.

இன்னும் வரல.

நான் பார்த்தேனே. ஐயோ, நான் பார்த்தேனே. ஒரு தடவையா, மூணு தடவ. உட்கார்ந்து, நிதானமா, அழகா இருக்குன்னு பார்த்தேனே.

அக்டோபர் 14, ஞாயிறு

பூசை இல்லை. ஊரே மேட்டில் நிற்கிறது. மண் அள்ளும் இயந்திரத்தை இறக்கினார்கள், அரை மணி நேரத்தில் அதுவே புதைய ஆரம்பித்தது. பலகை போட்டு, நீளக் கம்பியால் குத்திக் குத்திப் பார்க்கிறார்கள். எங்கே குத்துவது என்பதுதான் கேள்வி. ஓடை இருந்த இடம் தெரியவில்லை. பாதை தெரியவில்லை. எல்லாம் ஒரே கருப்பு வயல்.

போலீஸ் சார்ஜென்ட் லாவெல் ஒவ்வொருவரையும் கேட்டார். “அந்த மறைப்பு சரியா எங்க இருந்துச்சு?” அது எந்த வரைபடத்திலும் இல்லை. வானத்திலிருந்து எடுத்த படங்களும் அது கட்டுவதற்கு முந்தைய வருடத்தவையாம்.

“ஓடையிலேருந்து இருபது தப்படி,” என்றார் பாக்கி.

“இல்ல, இன்னும் மேல, சாலையப் பாத்து,” என்றாள் ஃபிடெல்மா. பிறகு, “இல்ல… இங்கயா… எனக்குத் தெரியலயே, நான் தினம் அந்தப் பக்கம் போறதில்லயே,” என்று பாக்கியின் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குத் தெரியும். தட்டைப் பாறையில் நின்று பார்த்தால், மலைமுகட்டில் ஒரு பிளவு இருக்கிறது அல்லவா, அதற்கு நேர் கீழே. மூன்று படத்திலும் இருக்கிறது. பாறையும் அப்படியே இருக்கிறது.

சொல்லியிருக்க வேண்டும். பிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 15, திங்கள்

காலையில் படங்களை மேஜையில் பரப்பினேன். மறைப்பு இருக்கிறது. அதன் தலைக்கு மேலே கோடு இருக்கிறது. ஒன்றைக் கொடுத்தால் மற்றதும் போகும். பின்னால் என் கையெழுத்தில் தேதி வேறு.

இதை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கே மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

மூன்றாவது படத்தை எடுத்து, பஞ்சை நனைத்து, கோட்டின் மேல் வைத்தேன். ஊறவிட்டு ஒற்றினேன். பழுப்பு வந்துவிட்டது. நீலம் வரவில்லை. அது தாளுக்குள் இறங்கிவிடும் வகை, எனக்குத் தெரியாதா? ஆனாலும் தேய்த்தேன். தாள் பஞ்சுபோலப் பூத்துக்கொண்டு வந்தது. விரிசல் போகவில்லை, மங்கிப்போய், பழைய காயம் மாதிரி கிடக்கிறது. வெள்ளிக் கம்பி போய்விட்டது.

அங்கே நாற்பது பேர் மழையில் கம்பியால் குத்திக்கொண்டிருக்கிறார்கள். நான் இங்கே பஞ்சும் கையுமாக.

நீ என்ன பிறவி டிம்ப்னா?

அக்டோபர் 16, செவ்வாய்

மூன்றையும் லாவெலிடம் கொடுத்தேன். கார் மேல்மூடியில் வைத்துப் பார்த்தார். மழைக்குத் தன் கோட்டைக் கழற்றி மேலே பிடித்துக்கொண்டார். படம் நனையக் கூடாதாம்.

“இதே பாறையிலேருந்தா வரஞ்சீங்க, மிஸ் கெராட்டி? இதே உயரத்துல?”

“ஆமா. உட்கார்ந்து.”

உட்கார்ந்து பார்த்தார். எழுந்தார். ஆட்களைக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். பாக்கி சொன்ன இடமும் இல்லை, ஃபிடெல்மா சொன்ன இடமும் இல்லை. நேற்று வரை அந்தப் பக்கம் யாரும் கால்கூட வைக்கவில்லை.

பிறகுதான் திரும்பிக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. “ஞாயித்துக்கிழமையே கொடுத்திருக்கலாமே, மிஸ் கெராட்டி?”

நான் பதில் யோசிப்பதற்குள் ஃபிடெல்மா பக்கத்தில் வந்துவிட்டாள். முதல் படத்தைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். விரலை வைத்தாள்.

“இது என்ன கோடு?”

“விரிசல்.”

திருப்பித் தேதியைப் படித்தாள். அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 17

காலை பதினொன்றரைக்குக் கிடைத்தான். மறைப்பு இருந்த இடத்துக்கு நாற்பது தப்படி கீழே, பதினோரு அடி ஆழத்தில். கையில் ஒரு ஆட்டின் கழுத்துக் கயிறு.

அக்டோபர் 20, சனி

நேற்று வீட்டில் வைத்திருந்தார்கள், இன்று அடக்கம். பெட்டி திறந்துதான் இருந்தது. குளிப்பாட்டிய ஆள் பாக்கியிடம் சொன்னாராம், எத்தனை தண்ணீர் மாற்றினாலும் பழுப்பு வந்துகொண்டே இருந்தது என்று. அந்தப் பழுப்பை எனக்குத் தெரியும். தினமும் என் தூரிகை கழுவும் ஜாடியில் பார்ப்பதுதான்.

வரிசையில் நின்று எல்லோரும் கை கொடுத்தார்கள். “உங்க கஷ்டத்துக்கு வருத்தப்படுறோம், ஃபிடெல்மா.” “உங்க கஷ்டத்துக்கு வருத்தப்படுறோம், டீச்சர்.” நானும் துக்க வீட்டுக்காரி அல்லவா, தங்கைக்குப் பக்கத்தில்தான் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் அவள் தோள் என் தோளில் படாமல் உட்கார்ந்திருந்தாள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது, வெளிக்கதவுப் பக்கம், யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாள். கத்தவில்லை.

“அவரு தலைக்கு மேல மலை பொளந்துக்கிட்டிருந்துச்சு. நீ படம் போட்டுக்கிட்டிருந்த.”

நவம்பர் 2

லாவெல் வந்தார். நானே கேட்டேன். ஞாயிறன்று கொடுத்திருந்தால்? இல்லை, மிஸ் கெராட்டி, மருத்துவர் அறிக்கை தெளிவா இருக்கு, புதைஞ்ச சில நிமிஷத்துலயே உயிர் போயிருச்சு, என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு போனார்.

ஞாயிறைப் பற்றியா நான் கேட்கிறேன்? ஆகஸ்டைப் பற்றி யார் எனக்குச் சொல்வார்கள்?

நவம்பர் 17

மாத நினைவுப் பூசை. பின் வரிசையில் உட்கார்ந்தேன். ஃபிடெல்மா பாக்கி வீட்டில்தான் இருக்கிறாள். தன் வீட்டுக்குப் போவதும் இல்லை, என் வீட்டுக்கு வருவதும் இல்லை.

நவம்பர் 30

கண்ணை மூடினால் நிறங்கள் தெரிகின்றன. முன்பெல்லாம் அது வரம் என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 25

ஒரு முட்டை வேகவைத்தேன். சாப்பிடவில்லை.

ஜனவரி 18, 2019

பாக்கி கரிமண் கட்டி ஒரு சாக்கு கொண்டுவந்து அடுப்புப் பக்கம் இறக்கினார். “புகை வராத வீட்டப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு டீச்சர்,” என்றார். அவரே பற்ற வைத்தார். அந்த வாசனை. சதுப்பைத்தான் வெட்டி, காயவைத்து, எரித்துக் குளிர்காய்கிறோம். இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இதே வாசனைதான். அவர் போன பிறகு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, குளிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் கிளம்புவதற்கு முன், “ஃபிடெல்மா எப்படி இருக்கா?” என்று கேட்டேன்.

“சாப்பிடுறா. பேசுறா. உங்க பேரு வந்தா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுறா.”

பிப்ரவரி 12

மரண விசாரணைக்கு அழைப்பு வந்திருக்கிறது. மார்ச் 21. நான் சாட்சி. படங்களும் சாட்சியாம்.

அவற்றுக்கு வாய் திறந்து பேசும் வேலை இல்லை, மேஜையில் கிடந்தால் போதும். எனக்கு?

மார்ச் 20

நாளை. கறுப்பு மேலங்கியை இஸ்திரி போட்டு வைத்தேன். என்ன கேட்பார்கள் என்று யோசித்து யோசித்து, பதில் ஒன்றும் வராமல், கடைசியில் தோட்டத்துப் பக்கம் போய் நின்றுவிட்டேன். அங்கிருந்தும் மலை தெரிகிறது. இந்த ஊரில் மலை தெரியாத இடம் எங்கே இருக்கிறது?

மார்ச் 21, வியாழன்

முழுக்க எழுத வேண்டும். நடந்தபடி.

பெல்முல்லட்டில், சின்ன அறை. ஜூரி ஏழு பேர். சாலை போட்ட கம்பெனியின் சார்பில் ஒரு வக்கீல், இளைஞர், மிகவும் மரியாதையானவர். முதலில் ஃபிடெல்மாவிடம் சில கேள்விகள், சுருக்கமாகப் பதில் சொன்னாள். தோண்டிய மண்ணையெல்லாம் அவர்கள் சரிவின் தலையில் குவித்திருந்தார்கள் என்று ஒரு பொறியாளர் சாட்சி சொன்னார். அந்தப் பாரத்தில் சதுப்பு முன்பே வெடித்திருக்கலாம் என்றும் சொன்னார். வக்கீலோ, அடைமழையில் திடீரென்று நடந்தது, யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். படங்களை ஒவ்வொன்றாக ஜூரிக்குக் காட்டினார்கள். கண்காட்சியில் பார்ப்பது மாதிரி ஒரு அம்மாள் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

வக்கீல் கேட்டார். “மிஸ் கெராட்டி, ரொம்ப நல்லா வரஞ்சிருக்கீங்க. ஓவியருங்க சில சமயம் இல்லாததையும் சேர்ப்பாங்க இல்லையா? படம் எடுப்பா இருக்கணும்னு?”

“சேர்ப்போம்.”

“அப்ப இந்தக் கோடு… அப்படி ஒரு கற்பனையா இருக்கலாம்?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் எனக்குக் கதவைத் திறந்துவிடுகிறார். ஆமாம் என்று ஒரு சொல். விரிசலே இல்லை, நான் எதையும் பார்க்கவில்லை, யாரிடமும் சொல்லாமல் இருக்கவும் இல்லை. கம்பெனியும் வீட்டுக்குப் போகலாம், நானும் வீட்டுக்குப் போகலாம். ஃபிடெல்மாகூட ஒருவேளை நம்பலாம். மூன்றாவது வரிசையில் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இல்ல,” என்றேன். “இருந்ததத்தான் போட்டேன். முதல் படத்துல கை நுழையுற அகலம். மூணாவதுல ஒரு ஆள் இறங்கலாம். தண்ணி நின்னுச்சு.”

“அப்படி நிச்சயமா இருந்துச்சுன்னா, மூணாவது படத்துல ஏன் அது பாதி அழிஞ்சிருக்கு?”

“நான்தான் அழிச்சேன்.”

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “எப்ப?”

“அக்டோபர் பதினஞ்சு. அவங்க தேடிக்கிட்டிருந்தப்ப.”

“ஏன்?”

“என் தங்கச்சி பாக்கக் கூடாதுன்னு.”

“ஆகஸ்ட்லேருந்து இத யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“ஒருத்தர்கிட்டயும் சொல்லல ஐயா. எனக்கு அது அழகாத் தெரிஞ்சுச்சு.”

என்னைப் போய் உட்காரச் சொன்னார்கள்.

ஜூரி தீர்ப்பு: விபத்து மரணம். கூடவே, சரிவின் தலையில் மண் குவித்தது ஒரு காரணம், விரிசல் எட்டு வாரம் முன்பே இருந்தது, இனி அப்படிக் குவிக்கக் கூடாது என்று பரிந்துரை. எட்டு வாரம் என்பது என் பென்சில் தேதி.

வெளியே வந்து தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஃபிடெல்மா வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். ஐந்து மாதம் கழித்து.

“ஜூலைலயே,” என்றாள்.

நான் திரும்பினேன். அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“ஜூலைலயே அவரு என்னக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சாரு. அப்ப விரல் அளவு. கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லணும்னாரு. நான்தான், வெயில்ல சதுப்பு வெடிக்கிறது என்ன புதுசா, சும்மா ஊர்வம்ப இழுக்காதன்னேன். அவரும் விட்டுட்டாரு.”

“ஃபிடெல்மா…”

“உள்ள என்னயும்தான் கேட்டாங்க. வீட்டுக்காரர் ஏதாவது கவலையா சொன்னாரான்னு. இல்லன்னேன். சத்தியம் பண்ணிட்டு இல்லன்னேன். நீ என்னடான்னா, கேக்காததெல்லாம் சொல்லிட்டு நிக்கிற.” எழுந்தாள். “எல்லாத்தையும் நீயே தூக்கிக்காத, டிம்ப்னா. அதுல பாதி என்னோடது.”

பாக்கியின் ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

மார்ச் 22

நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? கோபம்தான் வருகிறது. ஐந்து மாதம்! தெரிந்துகொண்டே ஐந்து மாதம் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கல்லறை வாசலில் அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு எப்படி நா வந்தது?

மார்ச் 24

கோபம் நிற்கவில்லை. பிடித்துவைத்துப் பார்த்தேன், நழுவிவிட்டது. அவளுக்கு யார் மேலாவது போட்டாக வேண்டியிருந்தது. நான் அருகில் இருந்தேன்.

அதனால் என்ன குறைந்தது? பாதி அவளுடையது என்கிறாள். பாதி எடுத்த பிறகும் என் பங்கு அதே கனம்தான் இருக்கிறது.

ஏப்ரல் 3

லாவெல் படங்களைத் திருப்பிக் கொண்டுவந்தார். பின்னால் எண் ஒட்டியிருக்கிறது. உறையைப் பிரிக்காமல் அலமாரி மேல் போட்டேன். வெஸ்ட்போர்ட் ஆட்கள் எழுதியிருந்தார்கள், இந்த வருடம் ஏதாவது அனுப்புவீர்களா என்று. இல்லை என்று எழுதிப் போட்டேன். ஒரு வரிதான், எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஏப்ரல் 9, செவ்வாய்

மதியம் கதவு தட்டப்பட்டது. ஃபிடெல்மா. ஒரு பெட்டி, ஒரு தலையணை, நனைந்த கோட்டு.

“பாக்கி பொண்டாட்டி நல்லவதான். ஆனா நாள் முழுக்கப் பேசுறா.”

“உன் வீடு?”

“சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான பாக்குது. பாத்திரம் கழுவ நின்னா எதிர்க்க அதுதான். என்னால முடியல டிம்ப்னா.”

“உள்ள வா.”

“மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத.”

“நினைக்கல.”

“நீயும் என்ன மன்னிச்சிருக்க மாட்ட.”

“தெரியல. கோட்டக் கழட்டு, நனஞ்சிருக்கு.”

டீ போட்டேன். குடித்தோம். ரொட்டி கருகியிருக்கிறது என்றாள். கருகித்தான் இருந்தது.

ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

நான்கு இரவு அவள் சோபாவில்தான் படுத்தாள். இந்த வீட்டில் இன்னொரு அறை என்றால் நான் படம் போடும் அறைதான். நேற்று காலை இருவருமாக அதைக் காலி செய்தோம். மேஜையின் கால்களைக் கழற்றிக் கொட்டகையில் வைத்தோம். தாள் கட்டுகள், பலகைகள், ஜாடிகள், பதினொரு வருடத்துச் சாமான் எல்லாம் நான்கே நடையில் முடிந்துவிட்டது. வண்ணப் பெட்டியை எங்கே வைப்பது என்று ஃபிடெல்மா கேட்டாள். எங்கேயாவது வை என்றேன். எங்கே வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை.

கட்டிலை ஜன்னலோரம் போட்டோம். வெளிச்சம் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று வடக்கு பார்த்து வைக்கச் சொல்லிக் கட்டிய ஜன்னல் அது. அதில் தெரிவது பாக்கியின் புல்வெளியும் கொஞ்சம் கடலும் மட்டும்தான்.

“வடக்கா? அப்ப காலைல வெயில் மூஞ்சில அடிக்காது,” என்றாள். “நல்லது.”

இன்று பூசைக்கு எழுப்பலாம் என்று எட்டு மணிக்குக் கதவு வரை போனேன். அக்டோபருக்குப் பிறகு அவள் விடிந்து தூங்கி நான் கேள்விப்பட்டதே இல்லை. குறட்டை கேட்டது. திரும்பி வந்து, கெட்டில் விசிலடிப்பதற்கு முன்பே அடுப்பிலிருந்து இறக்கிவிட்டேன்.

மணி ஒன்பதேகால். இன்னும் தூங்குகிறாள்.